காலடியில் கிடப்பவன்

அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகருக்கு 2024 செப்டம்பர் 13 அன்று புதுப் பெயர் கிடைத்தது. போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அறிவித்தவர் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா. காலனி ஆட்சியின் சுவடுகளைத் துடைப்பது ஒரு காரணம். சுதந்திரப் போராட்டத்தின் வெற்றியைப் புதுப் பெயர் குறிக்கும் என்பது இன்னொரு காரணம். ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கிய தீவுகள் இவை என்றும் அவர் நினைவூட்டினார்.

பழைய பெயருக்காகக் கண்ணீர் விட்டவர்கள் அதிகமில்லை. ஆர்ச்சிபால்ட் பிளேர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவுகளை அளந்து வரைபடம் போட்ட அதிகாரி. 1789ல் கம்பெனி அங்கே அமைத்த முதல் குடியிருப்பு அவர் பொறுப்பில்தான் உருவானது. தமிழர்களுக்கோ, சோழர் என்ற ஒரு சொல் போதும். முதுகு தானாக நிமிர்ந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுவாசிகளில் சுமார் 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ். கூலி வேலைக்குக் கப்பலேறியவர்கள், கடை வைக்க வந்தவர்கள், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் என்று பல வழிகளில் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் கப்பல்கள் வந்துபோன கடல் இது என்ற நினைப்பு, பிழைக்கப் போன இடத்தில் ஒரு தெம்பு. அப்படி ஒரு தெம்பு அவர்களுக்குத் தேவைப்படவும் செய்கிறது.

இந்தத் தெம்புக்கு என்ன பெயர்? சுயமரியாதையா, தற்பெருமையா, அல்லது தன்னைத்தானே கொஞ்சிக்கொள்ளும் பலவீனமா? தன்னை நேசிப்பது நல்லதா, கெட்டதா என்பது தத்துவத்தில் மிகப் பழைய கேள்வி. தமிழர்கள் அதற்கு ஏட்டில் மட்டும் பதில் எழுதிவைக்கவில்லை. செம்பிலும் வார்த்து வைத்தார்கள். அந்தப் பதிலும், அந்தமான் விஷயத்தில் இன்று பேசப்படும் சோழப் பெருமையும் பதிவாகியிருப்பது ஒரே இடத்தில்: தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில்.

முதலில் பெருமை. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படையை அனுப்பி, ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கினான். அந்த வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் மெய்க்கீர்த்தி தஞ்சைக் கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் என்று நீளும் பட்டியலில் மாநக்கவாரமும் ஒன்று. அதுதான் நிகோபார் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தேன் மிகுந்த சோலைகள் உடைய இடம் என்று ஓர் அடைமொழியும் உண்டு. அவ்வளவுதான். அந்தத் தீவில் இருந்தவர்கள் யார், கப்பல்களைக் கண்டபோது ஓடினார்களா, எதிர்த்தார்களா, விருந்து வைத்தார்களா என்பது பற்றி மெய்க்கீர்த்தியில் ஒரு சொல்கூட இல்லை. மெய்க்கீர்த்தி என்பது அரசன் தன்னைப் பற்றிப் பாடச் சொல்லிக் கேட்டது. அதில் மற்றவர்கள் அவன் வென்ற இடங்களாக மட்டுமே வருவார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தலைநகரின் புதுப் பெயரில் உள்ள விஜயம் வெற்றியைக் குறிக்கிறது. ஆனால் ஸ்ரீவிஜயம் என்பது தோற்ற நாட்டின் பெயரும்கூட. அந்த நாடு சோழர்களுக்கு அந்நியமானதும் அல்ல. ஸ்ரீவிஜய அரசகுலத்தார் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிவைத்தவன் ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன். இருபது வருஷம் போவதற்குள் அந்த நட்பு மகனின் வெற்றிப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது.

அடுத்து, பதில். பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இன்னொரு கணக்கையும் வைத்திருக்கின்றன. ராஜராஜனும் அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகள் எவை, உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், எத்தனை கை, என்ன பீடம், நகை என்ன எடை என்று, தணிக்கைக்கு வரும் அதிகாரி ஒருவருக்குப் பயந்து எழுதியதுபோலத் துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஆடவல்லான் வருகிறார். உலகம் இன்று நடராஜர் என்று அறியும் வடிவத்துக்குத் தஞ்சையில் அன்று அதுதான் பெயர். கோயிலில் பொன் நிறுத்த எடைக்கல்லுக்கும் அதே பெயர்தான் வைத்திருந்தார்கள். நான்கு கை, சடை, சடையில் கங்கை என்று விவரித்துக்கொண்டே போன எழுத்தர், காலடியில் கிடப்பவனையும் விட்டுவிடவில்லை. முசலகன் என்று அவனையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

அந்த முசலகன்தான் முயலகன். நடராஜர் சிலையைப் பார்ப்பவர்களின் கண் தூக்கிய திருவடிக்குப் போகும், விரிந்த சடைக்குப் போகும், சுற்றியுள்ள தீச்சுடர் வளையத்துக்குப் போகும். ஊன்றிய காலின் கீழே குப்புறக் கிடக்கும் குள்ளனை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் சிலையின் தத்துவத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நடராஜர் வடிவம் ஓர் உருவகம் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஆனந்த குமாரசாமி. தந்தை வழியில் ஈழத் தமிழர். 1912ல் 'சித்தாந்த தீபிகை' இதழில் வெளியான அவருடைய கட்டுரை, பிறகு 1918ல் நியூயார்க்கில் புத்தகத் தலைப்பாகவும் ஆனது. அவர் விளக்கத்துக்கு ஆதாரம் வெளியிலிருந்து வரவில்லை. 'உண்மை விளக்கம்' போன்ற சைவ சித்தாந்த நூல்களில் இருந்தது. உடுக்கை ஏந்திய கை படைப்பு. அபயக் கை காப்பு. தீ ஏந்திய கை அழிப்பு. ஊன்றிய கால் மறைப்பு. தூக்கிய கால் அருள். ஊன்றிய காலின் கீழ் கிடக்கும் முயலகன் ஆணவம்.

ஆணவம் என்றால் இன்று திமிர் என்று பொருள் கொள்கிறோம். சித்தாந்தம் சொல்லும் ஆணவம் அதைவிட ஆழமான சமாசாரம். அந்தச் சொல் 'அணு' என்பதிலிருந்து வந்தது. எங்கும் விரியக்கூடிய உயிரை அணு அளவுக்குச் சுருக்கிவிடும் இருட்டு அது. தன்னைப் பெரிதாக நினைப்பவன் உண்மையில் தன்னைச் சிறிதாக்கிக்கொண்டவன் என்பதுதான் இதன் தாத்பரியம். 'நான்' என்ற வட்டத்தை அவன் தன் தோலோடு முடித்துக்கொள்கிறான். அதற்கு வெளியே உள்ளதெல்லாம் அவனுக்கு ஒன்று இரை, இல்லாவிட்டால் எதிரி.

முயலகன் என்பது பழந்தமிழில் ஒரு நோயின் பெயரும்கூட. வலிப்பும் நினைவிழப்புமாக வரும் நோய் அது. சமஸ்கிருதத்தில் இந்தக் குள்ளனுக்கு அபஸ்மாரன் என்று பெயர். நினைவு தப்பியவன் என்பது கருத்து. திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருவாசியில், கொல்லி மழவன் மகளை வாட்டிய முயலக நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி நீக்கினார் என்று பெரிய புராணம் சொல்கிறது. அந்தக் கோயில் நடராஜரின் காலடியில் முயலகன் இல்லை; பாம்பு இருக்கிறது. ஆக, காலடியில் கிடப்பது தன்னை அதிகமாக நேசித்தவனின் உருவம் அல்ல. தன்னை மறந்தவனின் உருவம்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், தன்னன்பு பற்றி உலகத்தின் பெரிய சிந்தனையாளர்கள் சொன்னதெல்லாம் ஒரே திசையில் நிற்பது தெரியும். பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் வீட்டைவிட்டுப் புறப்படும் முன் மனைவி மைத்ரேயியிடம் பேசுகிறார். கணவனோ, மனைவியோ, மக்களோ, செல்வமோ நமக்குப் பிரியமாவது அவர்களுக்காக அல்ல, ஆன்மாவுக்காகவே என்பது அவர் சொல்வதன் சாரம். மேலோட்டமாகக் கேட்டால் இதைவிடப் பச்சையான சுயநலம் இல்லை என்று தோன்றும். ஆனால் அவர் சொல்லும் ஆன்மா எல்லாரிலும் இருப்பது. அதை அறிந்தவனுக்குத் தன்னை நேசிப்பதும் பிறரை நேசிப்பதும் இரண்டு வேலை அல்ல.

வள்ளுவர் இன்னும் நேரடியாக வருகிறார். 'நான்', 'எனது' என்ற செருக்கை அறுக்கச் சொன்னவர் அவர். அதே வள்ளுவர் தீவினையச்சம் அதிகாரத்தில், தன்மீது உண்மையான காதல் உள்ளவன் எவ்வளவு சிறிய தீமையையும் நெருங்கக் கூடாது என்கிறார். தன்னைக் காதலிக்காதே என்று அவர் சொல்லவில்லை. காதலிப்பது உண்மையானால் அதை நடத்தையில் காட்டு என்கிறார். பிறருக்குச் செய்த கேடு செய்தவனையே வந்து சேரும் என்பதால், கெட்டவன் தனக்கே நண்பன் அல்ல.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறார். தன்னை நேசிப்பவர்கள் இரண்டு வகை என்று தன் அறநூலின் ஒன்பதாம் பகுதியில் அவர் பிரிக்கிறார். பணம், பதவி, உடல் சுகம் ஆகியவற்றில் பெரிய பங்கைத் தனக்கு ஒதுக்கிக்கொள்பவன் ஒருவன். ஊர் அவனைத் திட்டுவது நியாயம். இன்னொருவன் மேன்மையான செயலைத் தனக்கு ஒதுக்கிக்கொள்பவன். நண்பர்களுக்காகவும் நாட்டுக்காகவும் பணத்தை விடுவான், பதவியை விடுவான், வேண்டிவந்தால் உயிரையும் விடுவான். தன்னை உண்மையில் நேசிப்பவன் இந்த இரண்டாமவனே என்பது அவர் தீர்ப்பு. 1755ல் ரூசோ இதே கோட்டை வேறு விதமாகப் போட்டார். உயிருள்ள எல்லாவற்றுக்கும் இயல்பாக உள்ள, தன்னைக் காத்துக்கொள்ளும் அன்பு ஒன்று. அடுத்தவனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிறக்கும் அகந்தை இன்னொன்று. முதலாவதற்குக் கண்ணாடி தேவையில்லை. இரண்டாவது கண்ணாடி இல்லாமல் உயிர் வாழாது. நீரில் தெரிந்த உருவத்தில் மயங்கிச் செத்த கிரேக்கக் கதையின் நார்சிஸஸ் தன்னை நேசிக்கவில்லை, நேசித்தது பிம்பத்தை.

உயிரை விடுபவன்தான் தன்னை நேசிப்பவன் என்ற அரிஸ்டாட்டிலின் வாதம் வகுப்பறையில் கேட்கும்போது வார்த்தை ஜாலமாகத் தோன்றலாம். அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெயர் மாறிய அதே அந்தமான் நகரத்தில், கடலைப் பார்த்து நிற்கும் செல்லுலார் சிறைக்குப் போனால் போதும்.

1896ல் தொடங்கி 1906ல் முடிந்த கட்டடம் அது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள், மூன்று மாடிகள், கிட்டத்தட்ட 700 தனி அறைகள். ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி கட்டினார்கள். ஒரு கைதி தன் அறைக் கம்பி வழியாக இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. சித்தாந்தம் ஆணவத்தைப் பற்றிச் சொன்னதை வெள்ளைக்காரப் பொறியாளர்கள் செங்கல்லில் கட்டியதுபோல இருக்கிறது: ஒவ்வொரு மனிதனையும் ஓர் அணுவாக்கிவிடுவது. செக்கில் மாட்டைப்போல் கட்டி எண்ணெய் ஆட்டச் சொல்வார்கள்; தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கச் சொல்வார்கள். அளவு குறைந்தால் சவுக்கடி. உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்றே இங்கே லட்சியமாக இருக்க முடியும் என்று கைதியை நம்பவைக்கத்தான் இத்தனையும்.

1933 மே 12 அன்று அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது விடுதலை அல்ல. தின்னத்தக்க உணவு, வெளிச்சம், படிக்கப் புத்தகம், மனிதர்களாக நடத்தப்படும் உரிமை. நிர்வாகம் மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பாலை ஊற்றியது. லாகூர் சதி வழக்கில் பகத்சிங்கோடு குற்றம் சாட்டப்பட்ட மகாவீர் சிங், நுரையீரலில் பால் புகுந்து மே 17 அன்று இறந்தார். அதே மாதத்தில் மோகன் கிஷோர் நமதாஸும் மோஹித் மைத்ராவும் இறந்தார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. 46 நாள் கழித்து, ஜூன் 26 அன்று, கோரிக்கைகளை ஏற்றுக்கொண்ட பிறகுதான் போராட்டம் முடிந்தது.

அந்த மூவரும் தங்களை வெறுத்துச் சாகவில்லை. சோற்றுக்கும் சோப்புக்கும் புத்தகத்துக்கும் உயிரைக் கொடுப்பது முட்டாள்தனம் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்லலாம். அவர்கள் காப்பாற்ற விரும்பிய 'தான்' அந்த உடம்போடு முடிகிற ஒன்றாக இல்லை. பக்கத்து அறையில் முகம் தெரியாமல் கிடந்தவனும் அதற்குள் இருந்தான். பிறகு அந்தச் சிறையில் விளக்கு எரிந்தது, புத்தகம் வந்தது, கைதிகள் கூடிப் படித்தார்கள். சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் இன்று அவர்கள் சிலைகளாக நிற்கிறார்கள். தன்னன்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எந்த நூலிலும் இல்லை.

'தான்' என்பது எதுவரை என்பதுதான், ஆக, கேள்வி. அந்தக் கேள்வியோடு நிகோபாருக்குப் போனால் வேறொரு பாடம் கிடைக்கும். மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்றது. ஆங்கிலேயர்கள் கார் நிகோபார் என்றார்கள். அந்தத் தீவின் மக்கள் தங்கள் மொழியில் அதைப் 'பூ' என்கிறார்கள். தமிழ்ப் பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே வாழ்க்கையின் அலகு தனிமனிதன் அல்ல. 'தூஹெத்' எனப்படும் கூட்டுக் குடும்பம். நிலம், தென்னை, பன்றி எல்லாம் தூஹெத்துக்குச் சொந்தம். மூத்தவர் ஒருவர் பொறுப்பில் அனைவரும் உழைத்து அனைவரும் உண்பார்கள். 'என் தோப்பு' என்பதைவிட 'எங்கள் தோப்பு' என்பதே அங்கே இயல்பான பேச்சு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கார் நிகோபாரும் கச்சாலும் கிரேட் நிகோபாரும் சிதைந்தன. கருவிகளைக் கொடுங்கள், வீடுகளை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று நிகோபாரிய மூத்தவர்கள் கேட்டார்கள். எல்லாம் இழந்த நிலையில் கேட்ட அந்தக் கோரிக்கையில் கெஞ்சல் இல்லை. தங்கள் கைமேல் இருந்த மதிப்பு இருந்தது. அரசாங்கத்தின் உதவி தாராளமாகவே வந்தது. ஆனால் அது தனித்தனிக் குடும்பத்தின் பெயரில், தனித்தனி வங்கிக் கணக்கில் வந்தது. வீடுகளும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கணக்கில் வரிசையாக எழுந்தன. தூஹெத் என்று ஒன்று இருப்பது விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியாது. பணம் வந்த வேகத்தில் செலவானதையும், அதுவரை கேள்விப்படாத பங்காளிச் சண்டைகள் முளைத்ததையும், கூட்டுக் குடும்பம் உடைந்ததையும் அங்கே பணியாற்றிய மானிடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. 'நாங்கள்' என்று வாழ்ந்தவர்களை 'நான்' என்று கையெழுத்துப் போடவைத்தார்கள். அலை விட்டுவைத்ததில் ஒரு பகுதியைப் படிவம் கொண்டுபோனது.

கிரேட் நிகோபாரில் இதே கேள்வி இப்போது இன்னும் பெரிதாக எழுந்திருக்கிறது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் என்று பல்லாயிரம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காக ஒதுக்கப்படுகிறது. அந்தக் காட்டில் ஷோம்பென் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கில் அவர்கள் 229 பேர். சுனாமியில் கரையோர ஊர்களை இழந்து இடம் மாற்றப்பட்ட நிகோபாரியர்கள், பழைய மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுவந்திருக்கிறார்கள். முதலில் கொடுத்த சம்மதத்தை அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மலாக்கா நீரிணையின் வாசலில் நாட்டுக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்ற வாதத்தில் பலம் இல்லாமல் இல்லை. ஒரு தேசமும் தன்னை நேசிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தேசம் 'நான்' என்று சொல்லும்போது, அந்த 229 பேர் அதற்குள் இருக்கிறார்களா, அல்லது மெய்க்கீர்த்தியின் மாநக்கவாரம்போல் பட்டியலில் ஓர் இடத்தின் பெயராக மட்டும் இருக்கிறார்களா என்று யாராவது கேட்க வேண்டும்.

அதைக் கேட்பதற்கு ஏற்ற சாட்சி ஒன்றைத் தலைநகர் டெல்லியிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் ஜி 20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் வாசலில் நிற்கும் நடராஜர். சுமார் 27 அடி உயரம், 18 டன் எடை, எட்டு உலோகக் கலவை. சுவாமிமலை ஸ்தபதிகள் சோழர் காலத்து முறைப்படி வார்த்தது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றும் முறை. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். உலகத் தலைவர்கள் வந்துபோன வாசலில் அது நிற்பதில் தமிழர்களுக்குப் பெருமை இருக்காதா? இருக்கும், இருக்கலாம். அகந்தையை மிதிக்கும் உருவத்தைக் காட்டி அகந்தைப்பட முடியும் என்பது மனித மனத்தின் விசித்திரங்களில் ஒன்று. தஞ்சைச் சுவரில் மெய்க்கீர்த்தியும் முசலகனும் ஆயிரம் வருஷமாகச் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்ந்துவருவதும் அதனால்தான்.

ஸ்தபதிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். முயலகனுக்கென்று மட்டமான உலோகம் கிடையாது. ஆடுபவருக்கு ஊற்றும் அதே கலவைதான் அவனுக்கும். அவனைச் சிலையிலிருந்து எடுத்துவிடவும் முடியாது. ஊன்றிய கால் நிற்பது அவன் முதுகில். சித்தாந்தமும் இதையே சொல்கிறது. ஆணவம் என்றைக்கும் முற்றாக அழிவதில்லை. அதன் சக்தி அடங்குகிறது, அவ்வளவுதான். பல சிலைகளில் முயலகன் தலையைத் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருப்பான். கால் எப்போது தளரும் என்று பார்க்கிறானா, ஆட்டத்தில் மயங்கிப் பார்க்கிறானா என்பது பார்ப்பவர் மனத்தைப் பொறுத்தது.

உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்குச் சித்தாந்திகள் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து பூசுவதில்லை, செம்போடு பிறந்தது. செப்புக் குடம் உள்ள வீடுகளில் இதை விளக்க வேண்டியதில்லை. புளி போட்டுத் தேய்த்தால் போகும். மறுபடி வரும். மறுபடி தேய்க்க வேண்டும். குடத்தின் மேல் பிரியம் உள்ளவர்கள் தேய்ப்பார்கள். அந்தமானின் உப்புக் காற்றில் களிம்பு கொஞ்சம் சீக்கிரமே ஏறும்.